எரித்த முகம், எரிக்காத முதுகு: ஒரு கடலோர வீட்டின் சுவர் மாற்றம்

மேற்கு ஜப்பானில் செத்தோ உள்நாட்டுக் கடலை ஒட்டிய ஒரு சிற்றூர் வீட்டை 2018 இலையுதிர் காலத்திலிருந்து 2024 வரை கவனித்து எழுதிய பதிவு இது. நான் அப்போது வேலை பார்த்த சிறு வடிவமைப்பு அலுவலகம்தான் அந்த வீட்டுக்கு அளவெடுத்து வரைபடம் போட்டுக் கொடுத்தது. வீட்டுக்காரர்கள், தச்சர், பக்கத்து வீட்டார் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். வெளிச்சுவருக்கு எரித்த சுகி (ஜப்பானின் ஊசியிலை மரம்) பலகை போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு, அதில் எது கைகொடுத்தது, எங்கே சறுக்கினோம் என்பது பயன்படும்.

பின்னணி

வீட்டுக்காரர்கள் அறுபதைத் தாண்டிய தம்பதி. கணவரின் அம்மா இறந்தபின் இரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீடு. 2018 ஜூலையில் மேற்கு ஜப்பான் முழுக்கக் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு போய்த் திறந்து பார்த்தால், மேற்கு அறையின் தரைப்பாய் ஓரம் ஈரமாக இருந்திருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு அங்கேயே குடிவரும் எண்ணம் இருந்ததால், இடிக்காமல் பழுதுபார்க்க முடியுமா என்று கேட்டு வந்தார்கள்.

அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு ஒரு பொது முகம் உண்டு. மேலே வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, கீழே கன்னங்கரேலென்று எரித்த சுகி பலகை. யாக்கிசுகி என்பார்கள். யாக்கி என்றால் சுட்டது, சுகி என்பது ஜப்பானின் தேவதாரு போன்ற ஊசியிலை மரம். மேற்கு நாடுகளில் இதற்கு 'ஷோ சுகி பான்' என்று ஒரு பெயர் பரவிவிட்டது. ஜப்பானில் ஒரு தச்சரிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார். அதே எழுத்துகளைத் தப்பாக வாசித்ததில் பிறந்த பெயர் அது. நவோஷிமா தீவின் ஹொன்முரா தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்தக் கறுப்புச் சுவர் பழக்கமாக இருக்கும். அங்கே 1999-ல் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ வடிவமைத்த மினாமிதெரா கட்டடமும் இதே பலகையை உடுத்தியதுதான்.

எங்கள் வீட்டில் கறுப்பு தெரியவில்லை. மேற்கு, வடக்குச் சுவர்களை 1980-களில் நெளிதகரத்தால் மூடியிருந்தார்கள். கடல் காற்றுக்குத் தகரம் போதும், பராமரிப்பே வேண்டாம் என்று அந்தக் காலத்தில் பலரும் நம்பிச் செய்த வேலை.

தகரத்தை உரித்தபோது

2019 பிப்ரவரியில் சாரம் கட்டித் தகரத்தை எடுத்தோம். ஆணிகள் துருவேறித் தலை இற்றுப்போயிருந்ததால் பாதித் தகரம் கையாலேயே வந்துவிட்டது. அடியில் பழைய யாக்கிசுகி அப்படியே இருந்தது. எழுபது வயதைத் தொட்ட தலைமைத் தச்சர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கரி நொறுங்கிக் கையில் ஒட்டியது. அதன் கீழே மரம் செந்நிறமாக, கெட்டியாக இருந்தது. ஈரப்பத மீட்டரை ஊன்றினால் 13, 14 சதவீதம். ஏறக்குறைய அறுபது வயதுப் பலகை என்று அவர் கணித்தார். ஆணியின் வடிவத்தை வைத்துச் சொன்ன கணக்கு.

"இதைப் போய் ஏன் மூடினாங்க?" என்றார் வீட்டம்மா.

"கறுப்பா இருக்குன்னு மூடியிருப்பாங்க, அம்மா. அப்போ கறுப்புச் சுவர்னா ஏழை வீடு," என்றார் தச்சர்.

தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரம் வரை கதை வேறு. அங்கே பலகை, ஸ்பாஞ்சு போல ஆகியிருந்தது. மீட்டர் 28-ஐத் தாண்டியது. 20-க்கு மேலே நீடித்தால் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான். பலகையைக் கழற்றினால் பின்னால் கரையான் மண்குழாய். வீட்டின் அடிக்கட்டை ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு உளுத்திருந்தது.

காரணம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. தகரம் அடித்த அதே சமயத்தில் சுவரை ஒட்டி காங்கிரீட் நடைபாதை போட்டிருக்கிறார்கள். நடைபாதை உயர்ந்து பலகையின் கீழ்விளிம்பு காங்கிரீட்டுக்குள் புதைந்துவிட்டது. மழைநீர் தெறித்து, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கிறது. கரையான் எரித்த முகத்தைத் தொடவே இல்லை. எரிக்காத முதுகு வழியாக ஏறியிருக்கிறது.

இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், "எரித்த பலகையைப் பூச்சி தின்னாது" என்பது. பாதி உண்மை. பூச்சியும் பூஞ்சையும் தின்பது மரத்தின் செல்லுலோஸையும் அதைச் சார்ந்த சர்க்கரைப் பொருள்களையும். எரிக்கும்போது மேல்தோலில் அவை போய்விடுகின்றன. மிஞ்சும் கரியில் தின்ன ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு எரித்த பக்கத்தில் சில மில்லிமீட்டருக்கு மட்டும்தான். முதுகும், வெட்டுவாயும் (பலகையை அறுத்த முனை) எரிக்காத வெறும் மரமே.

எதைப் போடுவது

மூன்று வழிகள் மேசைக்கு வந்தன.

முதலாவது, சிமென்ட் நார் சைடிங், அதாவது சுவரின் வெளிப்பக்கம் அடிக்கும் சிமென்ட் நார்ப் பலகை. இன்று ஜப்பானில் புதிதாகக் கட்டும் தனி வீடுகளில் பெரும்பாலானவை இதைத்தான் போடுகின்றன. விலை குறைவு, வேலை வேகம், தீ விதிகளுக்கும் சிக்கல் இல்லை. ஆனால் இணைப்புகளில் அடைக்கும் ரப்பர் பசை பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காய்ந்து வெடிக்கும். அப்போது மறுபடி சாரம், மறுபடி பெயின்ட். கணவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "எனக்கு எழுபத்தைந்து ஆகும்போது ஒருதரம், தொண்ணூறு ஆகும்போது ஒருதரமா?" அதோடு அது கழிந்தது.

இரண்டாவது, எரிக்காத சுகி பலகைக்குப் பெயின்ட். கடலோர வெயிலில் பெயின்டை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். பூசாமலே விட்டால் வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தை ஒட்டவைத்திருக்கும் லிக்னினை உடைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போக, பலகை சாம்பல் நிறமாகும். ஊசியிலை மரம் இப்படித் தேய்வது நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. அதாவது வெயிலால் மட்டும் பலகை சீக்கிரம் சாகாது. ஈரம் தங்கினால்தான் சாகும். இதை நான் அவர்களிடம் சொன்னேன். எரித்தால்தான் மரம் பிழைக்கும் என்று பேசுவது நேர்மையில்லை என்று தோன்றியது.

மூன்றாவது, யாக்கிசுகி. முதல் செலவு சைடிங்கைவிடக் கூடுதல். ஆனால் பூச்சு வேலை கிடையாது. வெயிலைக் கரித்தோல் வாங்கிக்கொள்ளும். ஒரு பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். தகரத்துக்கு அடியில் நாங்களே பார்த்த சாட்சியும் இருந்தது. மேல்பகுதியில் அறுபது வருடப் பலகை இன்னும் உயிரோடு இருந்ததே.

தீ விஷயம் தனியாகப் பேசப்பட்டது. வடக்குச் சுவரிலிருந்து பக்கத்து வீட்டு எல்லை 1.2 மீட்டர்தான். ஜப்பானியக் கட்டட விதியில் எல்லையிலிருந்து கீழ்த்தளத்தில் 3 மீட்டர், மாடியில் 5 மீட்டருக்குள் வரும் சுவரைத் தீ பரவக்கூடிய பகுதியாகக் கணக்கிடுவார்கள். எரித்த பலகை தாமதமாகத்தான் தீப்பிடிக்கும். எளிதில் பற்றும் வாயுக்கள் முன்னமே வெளியேறிவிட்டன, கரி வெப்பத்தைத் தடுக்கவும் செய்யும். அதற்காக அது தீப்பிடிக்காத பொருளாகிவிடாது. ஊசியிலை மரம் முழுத் தீயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மி.மீ. வீதம் கருகிக்கொண்டு உள்ளே போகும். 15 மி.மீ. பலகைக்கு அது எத்தனை நிமிடம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். இந்த வீட்டைக் காப்பாற்றியது பலகைக்குப் பின்னால் இருந்த, மூங்கில் வரிச்சில் அப்பிய பழைய மண்சுவர். விதிப்படி தீத்தடுப்பாகக் கணக்கில் வந்ததும் அதுதான். ஆகவே வடக்கு மண்சுவரை இடிக்காமல் விரிசல்களை மட்டும் மண்ணால் அடைத்தோம்.

அடுத்த கேள்வி, எவ்வளவு எரிப்பது? தொழிற்சாலையில் கேஸ் பர்னரில் எரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் பூசி விற்கும் பலகை பார்க்க அழகு, கையில் ஒட்டாது. ஆனால் கரித்தோல் மிக மெல்லியது, தேய்த்தபின் பெயருக்குத்தான் மிஞ்சும். பழைய முறையில் எரித்தால் 3 முதல் 5 மி.மீ. வரை தடித்த கரி நிற்கும். உரசினால் சட்டை கறுப்பாகும். மேற்கிலும் வடக்கிலும் தடித்த கரி, ஆட்கள் வந்துபோகும் தெற்கு வாசல் சுவருக்கு மட்டும் தேய்த்த பலகை என்று முடிவானது. அழகுக்கும் ஆயுளுக்கும் இடையே இப்படிப் பங்கு பிரித்தது எனக்குப் பிடித்த முடிவு. அதன் விலை பிறகு தெரிந்தது.

எரித்த இரண்டு நாள்

பழைய முறையில் எரித்த பலகை கடையிலும் கிடைக்கும். ஆனால் தச்சர், "என் அப்பாவோட எரிச்சது. இன்னொரு தடவை எரிச்சுப் பார்க்கணும்," என்றார். வீட்டுக்காரரும் தன் கையால் செய்ய ஆசைப்பட்டார். புகையைப் பார்த்து யாராவது தீ என்று பதறக் கூடாது என்பதால் தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, காற்றில்லாத இரண்டு மார்ச் காலைகளைத் தேர்ந்தெடுத்தோம்.

2 மீட்டர் நீளம், 18 செ.மீ. அகலம், 15 மி.மீ. தடிப்பு, மொத்தம் 165 பலகைகள். மூன்று பலகைகளை முக்கோணக் குழாய் போலச் சேர்த்துக் கம்பியால் மூன்று இடத்தில் கட்டுவார்கள். மரப்பட்டை இருந்த பக்கம் உட்புறமாக, அதாவது எரியும் பக்கமாக இருக்க வேண்டும். அடியில் செய்தித்தாளும் இழைப்புச் சுருளும் திணித்துப் பற்றவைத்துக் குழாயை நிமிர்த்தி நிறுத்த வேண்டும்.

முதல் அரை நிமிடம் வெறும் புகை. பிறகு அடுப்பை ஊதுகுழலால் ஊதும் சத்தம் போல உள்ளே ஒரு இரைச்சல் கிளம்பும். மேல்வாயில் தீ நாக்கு நீட்டும். குழாயே புகைபோக்கியாகித் தன் காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. தச்சர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பலகைகளின் இடுக்கில் தெரிந்த நிறத்தையும் அந்த இரைச்சலையும் வைத்தே "போதும்" என்றார். நான் எண்ணியபோதெல்லாம் மூன்று, நான்கு நிமிடம் வந்தது. கீழே சாய்த்து, கம்பியை வெட்டி, மலர்த்தி, வாளித் தண்ணீரை ஊற்றினால் வெள்ளை நீராவி. அது விலகியதும் காய்ந்த கண்மாய்த் தரை வெடித்த மாதிரி கட்டம் கட்டமாகக் கரி, லேசான வெள்ளி மினுக்கத்தோடு.

வீட்டுக்காரர் தானாக எரித்த முதல் கட்டினை அவசரப்பட்டு ஒன்றரை நிமிடத்தில் சாய்த்துவிட்டார். மேல்பாதி பழுப்பாகவே நின்றது. அதைத் தூக்கிப் போடாமல் திரும்பவும் கட்டி எரித்தோம். 55 கட்டு முடிய இரண்டு பகல் ஆனது. பலகை இரண்டு மீட்டருக்கு மேல் போனால் எரியும்போது முறுக்கிக்கொண்டு குழாய் திறந்துவிடும் என்பதால் வழக்கமான நீளம் அவ்வளவுதான். கட்டடக் கலைஞர் தெருநோபு ஃபுஜிமோரி 2007-ல் நாகானோவில் கட்டிய யாக்கிசுகி வீட்டுக்கு அதைவிட நீளமான பலகைகளை எரித்தது அதனால்தான் தொழிலில் பேச்சானது.

சுவரில் ஏற்றியது

முதலில் உளுத்த அடிக்கட்டையை வெட்டி ஹினோக்கி என்ற ஊசியிலை மரக் கட்டையைப் பொருத்தினார்கள். சுவரோரக் காங்கிரீட்டை 45 செ.மீ. அகலத்துக்கு உடைத்தெடுத்துச் சரளை நிரப்பினோம். மண்சுவர் மேல் நீரைத் தடுத்து ஆவியை விடும் தாள். அதன் மேல் 18 மி.மீ. ரீப்பர், அதன் மேல் பலகை நின்ற வாக்கில். பலகை நிற்கிறது என்றால் ரீப்பர் படுத்துதான் ஓட வேண்டும். படுத்த ரீப்பர் காற்றை மறிக்கும். அதனால் ஒவ்வொரு ரீப்பரிலும் இடையிடையே 3 செ.மீ. இடைவெளி விட்டு, அடுத்த வரிசையில் அதை மாற்றி வைத்தார் தச்சர். ஆணி எல்லாம் எவர்சில்வர். உப்புக் காற்றில் சாதா ஆணி எப்படிப் போகும் என்பதைத் தகரத்தில்தான் பார்த்திருந்தோமே.

20 பலகை மிஞ்சியது. அவற்றின் முதுகில் சுண்ணக்கட்டியால் தேதி எழுதிக் கொட்டகையில் அடுக்கினார்கள்.

முதல் மூன்று ஆண்டுகள்

முதல் புகார் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்து வந்தது. வேலை முடிந்த அடுத்த பெருங்காற்றில் கரித்தூள் பறந்து அவர் காயப்போட்டிருந்த விரிப்பில் புள்ளி புள்ளியாக விழுந்துவிட்டது. எரித்த பலகையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, மென்மையான துடைப்பத்தால் ஒருதரம் தள்ளிவிட்டு ஏற்றியிருக்க வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யவில்லை. தம்பதி போய் மன்னிப்புக் கேட்டு, புது விரிப்பு வாங்கிக் கொடுத்து, ஒரு மாலை முழுக்க வடக்குச் சுவரைக் குழாய்த் தண்ணீரில் அலசினார்கள். அதற்குப் பிறகு புகார் இல்லை.

2020-ல் தொற்றுக் காலம்; நான் போகவில்லை, படங்கள் மட்டும் வந்தன. 2021-ல் ஜப்பான் முழுக்க மரவிலை ஏறியபோது வீட்டுக்காரர் தொலைபேசியில் கொட்டகையில் உள்ள இருபது பலகையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டார்.

2022 கோடையில் போனபோது தெற்கு வாசல் பலகை வெளிறிப் பழுப்பாகியிருந்தது. தேய்த்த பலகையில் வெயிலைத் தாங்கக் கரியே இல்லை, எண்ணெயும் போய்விட்டது. வீட்டம்மா துணியில் எண்ணெய் தொட்டு ஒரு நாளில் பூசி முடித்தார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இது இருக்கும் என்று வாங்கும்போதே நாங்கள் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னோம்தான், ஆனால் மாதிரிப் பலகையின் அழகில் அது யார் காதிலும் ஏறவில்லை.

அதே நாள் மேற்குச் சுவரில் ஒரு நண்பகல் கையை வைத்துப் பார்த்தேன். கறுப்புச் சுவர், வெயிலில் கை வைக்க முடியாத சூடு. உள்ளே அந்தச் சூடு தெரியவில்லை. பலகையின் மேல் விளிம்பு இடைவெளியில் விரலை நீட்டினால் வெந்நீர்ப் பானை வாய் போல வெப்பக் காற்று மேலே போய்க்கொண்டிருந்தது. பின்னால் விட்ட இடைவெளி ஈரத்துக்காக விட்டது; கோடைக்கும் வேலை செய்கிறது.

2024-ல் கண்டது

மேற்குச் சுவரில் கரி பெரும்பாலும் அப்படியே இருந்தது. தரையிலிருந்து 20, 25 செ.மீ. வரை மட்டும் மழைத்துளி தெறித்துத் தெறித்துக் கரி உதிர்ந்து மரம் சாம்பல் பூத்துத் தெரிந்தது. மீட்டரில் 15. கெட்டுப்போகவில்லை, நிறம்தான் போயிருந்தது. சரளை போட்டும் இவ்வளவு தெறிப்பு. காங்கிரீட்டாகவே விட்டிருந்தால் இன்னும் மேலே ஏறியிருக்கும். கரையான் தடம் எங்கும் இல்லை. வடக்கில் லேசான பச்சைப் பாசி, துடைத்தால் போகும் அளவு.

தவறு மேற்குச் சன்னலுக்கு மேலே இருந்தது. அங்கே பலகைகளைக் குட்டையாக வெட்டி, சன்னல் தலைக்கு மேலுள்ள தகட்டின் மீது அப்படியே உட்காரவைத்திருந்தார்கள். வெட்டுவாய் எரிக்காத மரம். தகட்டில் நின்ற நீரைத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல உறிஞ்சியிருக்கிறது. இரண்டு பலகைகளின் கீழ் விளிம்பில் உளியை வைத்தால் உள்ளே போனது. ஐந்தே ஆண்டு. வரைபடத்தில் அந்த இடத்தில் 1 செ.மீ. இடைவெளி காட்டாதது எங்கள் அலுவலகத்தின் தவறு. வெட்டுவாயை மறுபடி சுடாதது தன் தவறு என்று தச்சர் சொன்னார்.

கொட்டகையிலிருந்து இரண்டு பலகை எடுத்து, அளவுக்கு வெட்டி, வெட்டுவாயைச் சின்ன பர்னரால் கறுக்கி, இடைவெளி விட்டு அடித்தார். அரை நாள் வேலை, ஒரு ஏணி, சாரம் இல்லை. புதுப் பலகை எது, பழையது எது என்று தெருவில் நின்று பார்த்தபோது எனக்கே தெரியவில்லை. சைடிங்கில் இந்த வசதி கிடைக்காது. ஐந்து ஆண்டில் அதே மாதிரி தயாரிப்பிலேயே இருக்காது.

மறுபடி செய்தால்

பலகையின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து இன்னும் உயர்த்தி, 30 செ.மீ. வரை கல்லோ சிமென்ட்டோ தெரியும்படி விடுவோம். பழைய சுவரின் அளவுக்கே பொருந்த வேண்டும் என்ற ஆசையில் இம்முறை 12 செ.மீ.யோடு நிறுத்தினோம். மேற்கில் கூரை 45 செ.மீ.தான் நீண்டிருக்கிறது. கூரை ஓடு மாற்றும்போது அதை 75 ஆக்கியிருந்தால் தெறிப்பு பாதியாகக் குறைந்திருக்கும் என்பது தச்சரின் கணிப்பு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

வெட்டுவாய் ஒவ்வொன்றையும் சுட வேண்டும் என்பதை வரைபடத்திலேயே எழுதிவிடுவோம், பேச்சில் விடமாட்டோம். ஏற்றுமுன் கரித்தூளைக் கழுவுவதும் அப்படித்தான். தெற்கு வாசலுக்குத் தேய்த்த பலகையைப் பரிந்துரைப்போமா என்பதில் எங்கள் அலுவலகத்தில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வீட்டம்மாவைக் கேட்டால், எண்ணெய் பூசும் நாள் தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார்.

கொட்டகையில் இன்னும் 18 பலகை இருக்கிறது.